பஸ் வரிசையைக் கலைக்காமல் அண்ணனோடு விளையாடுவது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு 8 வயது, ஆட்டிசம், பேச்சு ஏழெட்டுச் சொற்களோடு நிற்கிறது. நாள் முழுக்கப் பொம்மை பஸ்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருப்பான். மகளுக்கு 5 வயது. அவள் ஆசையாகப் போய் ஒரு பஸ்ஸை எடுத்தால் அலறுகிறான். போன வாரம் அவள் கையைக் கடித்துவிட்டான். "எனக்கு வேற அண்ணன் வேணும்" என்று அவள் அழுகிறாள். தெரபி சென்டரில், "தினமும் ஒரு மணி நேரம் தங்கச்சியை விட்டு அவனுக்குச் சொல்லித் தரச் சொல்லுங்க" என்றார்களாம். இரண்டு பேரையும் சேர்ந்து விளையாட வைக்க என்ன செய்யலாம் என்பது கேள்வி.

முதலில் அந்த ஒரு மணி நேரத்தை நிறுத்திவிடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது டியூஷன் எடுக்கிற வேலை. விளையாட்டு என்று பெயர் வைத்தாலும் அவளுக்கு வித்தியாசம் தெரியும், அவனுக்கும் தெரியும். சென்டரை மாற்றச் சொல்லவில்லை. அந்த வீட்டுப்பாடத்தை உங்கள் பெயருக்கோ அவர்கள் அப்பா பெயருக்கோ மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள்.

இதை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் சிறப்பாசிரியராக இருபது வருடமாக வேலை செய்கிறேன். அதற்கு முன்பே ஆட்டிசம் உள்ள ஒரு தம்பிக்கு அக்கா. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வளர்ந்தோம். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் ஆட்டிசம் என்ற சொல்லைக் கேட்டதில்லை. "நீதான் பெரியவ, நீதான் பாத்துக்கணும்" என்பதை மட்டும் தினமும் கேட்டேன். ஒன்பது வயதில், அவன் கையை விட்டுப் பிரியாத புளியங்கொட்டை டப்பாவை எடுத்துக் கிணற்றடியில் ஒளித்து வைத்தேன். ராத்திரி முழுக்கக் கத்தினான். என்னை அடித்தார்கள், அது நியாயம்தான். ஏன் ஒளித்தேன் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

உங்கள் மகள் "வேற அண்ணன்" கேட்டதற்கு அவளைத் திட்டியிருந்தால், இன்றைக்கே கூப்பிட்டு உட்கார வைத்து, "கடிச்சது வலிச்சுதா? கோவம் வந்துச்சா?" என்று கேளுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "பாவம்டா அண்ணன்" என்று உடனே ஆரம்பிக்க வேண்டாம். அவனுக்காக இரக்கப்பட அவளுக்கு வாழ்நாள் முழுக்க நேரம் இருக்கிறது.

இனி அந்த பஸ் வரிசைக்கு வருகிறேன். அவன் விளையாடத் தெரியாமல் பஸ்ஸை அடுக்குகிறான் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள். அவனுக்கு அதுதான் விளையாட்டு. அமெரிக்காவில் லியோ கேனர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 1943இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே, எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும் என்ற இந்தப் பிடிவாதம் இடம்பெறுகிறது. எண்பது வருடம் கழித்து உங்கள் கூடத்திலும் அதேதான் நடக்கிறது. மார்கழியில் அரை மணி நேரம் குனிந்து கோலம் போட்டு நிமிர்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் செருப்புக் காலோடு நடுவில் நடந்து போகிறான். உங்களுக்கு எப்படி இருக்கும்? பாப்பா ஒரு பஸ்ஸை எடுக்கும்போது அவனுக்கும் கோலம்தான் அழிகிறது. உங்களால் "டேய்" என்று கத்த முடியும். அவனிடம் அந்த நேரத்துக்குச் சொல் இல்லை, பல் இருக்கிறது.

அதனால் முதல் பத்து நாளுக்கு ஒரே இலக்கு போதும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடட்டும். இதைக் குறைவாக நினைக்காதீர்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்பவர் 1932இல் சின்னக் குழந்தைகளின் விளையாட்டைப் பார்த்துப் படிகளாகப் பிரித்தார். தனியாக விளையாடுவதற்கும் கூடி விளையாடுவதற்கும் நடுவில் "பக்கத்திலிருந்து விளையாடுவது" அதில் ஒரு படி. பிள்ளைகள் பலரும் அதில் ஏறித்தான் வருகிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் அங்கே கொஞ்சம் அதிக காலம் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் பெரியவர்களான பிறகும் அப்படியேதான் மற்றவர்களோடு இருக்க விரும்புகிறார்கள். அதுவும் ஒரு சேர்க்கைதான்.

செய்முறை இதுதான். அவளுக்கென்று தனி பஸ்கள், தனிப் பாய். அவன் பாயிலிருந்து ஒரு முழம் தள்ளி விரித்துவிடுங்கள். அவன் பஸ்ஸைத் தொடக்கூடாது என்பது அவளுக்கான விதி, அவள் பஸ்ஸைத் தொடக்கூடாது என்பது அவனுக்கான விதி. நீங்கள் நடுவில் உட்காருங்கள். மூன்று நிமிடம், நான்கு நிமிடம் போதும். நன்றாகப் போகும்போதே முடித்துவிடுங்கள். "இன்னும் கொஞ்ச நேரம்" என்று இழுத்தால் கடைசியில் அழுகையில் முடியும், மறுநாள் இருவரின் உடம்புக்கும் அந்த அழுகைதான் ஞாபகம் இருக்கும்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பாப்பாவிடம் ரகசியமாகச் சொல்லுங்கள்: "அண்ணன் செய்யறத அப்படியே செய்வோமா? காப்பி அடிக்கிற ஆட்டம்." அவன் ஒரு பஸ்ஸை நிறுத்தினால் அவளும் ஒன்று நிறுத்துகிறாள். அவன் தலையைத் தரையில் சாய்த்துச் சக்கரத்தைப் பார்த்தால் அவளும் சாய்ந்து பார்க்கிறாள். கிண்டலாக இல்லாமல், கூடவே. தன்னைப் போலவே செய்கிறவர் பக்கம் ஆட்டிசக் குழந்தைகளின் பார்வை திரும்புவதை ஆராய்ச்சியிலும் கண்டிருக்கிறார்கள், நான் வகுப்பில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். ஒரு நாள் அவன் வேண்டுமென்றே ஒரு பஸ்ஸைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, அவள் கவிழ்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்ப்பான். அந்தப் பார்வை வந்துவிட்டால் ஆட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பொம்மை பஸ்ஸோடு இருக்கிறவனுக்கு நிஜ பஸ்ஸும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். கடலூரிலிருந்து பாண்டிக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர் ராகம் போட்டுக் கூப்பிடுவதை அவன் கேட்டிருப்பான்: ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், பாண்டி பாண்டி பாண்டி. ஏழெட்டு வார்த்தைதான் பேசுகிறான் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஊர்ப் பெயர்களை அவனுக்குள் யாராவது எண்ணிப் பார்த்தீர்களா? கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது அர்த்தமில்லாத உளறல் என்று முன்பு ஒதுக்கினார்கள். அதற்குள் கேட்பது, பதில் சொல்வது, தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்வது எல்லாம் இருக்கிறது என்று பேரி பிரிஸான்ட் போன்ற பேச்சு சிகிச்சை ஆய்வாளர்கள் 1980களிலேயே காட்டிவிட்டார்கள்.

மாடியிலோ வாசலிலோ சாக்பீஸால் கட்டம் போடுங்கள். நம்மூரில் நொண்டியடித்துக் கட்டம் தாண்டுகிற ஆட்டத்துக்குப் பெயரே பாண்டி, அது வேறு வசதியாகப் போயிற்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஸ்டாப்பிங் பெயர். பாப்பா பயணி. அவன் கண்டக்டர். அவன் விசில் ஊதினால், அல்லது பெயரைச் சொன்னால், அல்லது ஒன்றுமே சொல்லாமல் கட்டத்தைக் கையால் தட்டினாலும், அவள் அடுத்த கட்டத்துக்குத் தாண்ட வேண்டும். அவன் சொல்லாவிட்டால் அவள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் வீட்டிலேயே முதல் தடவையாக அவனுக்குத்தான் விஷயம் தெரியும், அவளுக்குத்தான் அவன் தேவை. இப்படித் தலைகீழாக மாறுவது எட்டு வயதுப் பையனை என்ன செய்யும் என்று நீங்களே பார்ப்பீர்கள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. வரைபடத்திலேயே மூழ்கிக் கிடந்த ஒரு பிள்ளைக்காக, தரையில் அமெரிக்க வரைபடத்தைப் பெரிதாகப் போட்டு அதன் மேல் ஓடிப்பிடித்து ஆடவைத்ததை மேரி பேக்கர், கோகல் தம்பதி என்ற ஆய்வாளர்கள் 1998இல் எழுதினார்கள். 2000இல் பேக்கர் அதையே உடன்பிறந்தவர்களோடு செய்து பார்த்தார். எதை விடாப்பிடியாகச் செய்கிறான் என்று நாம் கவலைப்படுகிறோமோ அதையே ஆட்டமாக்கியதும், உடன்பிறந்தவர்கள் சேர்ந்து விளையாடுவது அதிகமானது.

ஒன்றில் கவனம் வேண்டும். பஸ்ஸை இரையாகத் தொங்கவிடாதீர்கள். "ரெண்டு கணக்கு போடு, அப்பதான் கண்டக்டர் ஆட்டம்" என்றால் அவன் சொத்தைப் பறித்து அவனுக்கே கூலியாகக் கொடுப்பது போல ஆகிவிடும். ஆட்டத்தின் நடுவே "இது என்ன கலர், இது எத்தனாவது ஸ்டாப்பிங்" என்று பரீட்சை வைக்கவும் வேண்டாம். நம் வீடுகளில் தாத்தாவிலிருந்து எதிர்வீட்டு மாமா வரை எல்லோருக்கும் இந்த வியாதி இருக்கிறது. பிள்ளையைக் கண்டால் கேள்வி கேட்காமல் நாக்கு நிற்காது.

ஒரு வாரம் ஒரே மாதிரி ஆடி அவனுக்கு ஆட்டம் பழகிய பிறகு, ஒரே ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். கிருமாம்பாக்கத்தில் பயணி குறட்டை விட்டுத் தூங்குகிறாள், எழுப்ப வேண்டும். அடுத்த வாரம் தவளக்குப்பத்தில் டயர் பஞ்சர். இதெல்லாம் பாப்பாவே கண்டுபிடிப்பாள், அதில் அவள் கெட்டிக்காரியாக இருப்பாள். மாற்றம் பிடிக்காமல் அவன் காதைப் பொத்தினால் பழையபடிக்குத் திரும்பிவிடுங்கள், தோல்வி ஒன்றுமில்லை.

அவன் அடங்காமல் ஓடிக்கொண்டிருக்கிற நாட்களில் கட்டம் வேலைக்காகாது. அதற்குத் தூளி இருக்கிறது. தெரபி சென்டரில் ஆயிரக்கணக்கில் விலை போட்டு வாங்கித் தொங்கவிடுகிற ஊஞ்சலுக்கு அக்கா நம் பழைய புடவைத் தூளி. உடம்பைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிறது, ஒரே தாளத்தில் ஆடுகிறது. பல ஆட்டிசப் பிள்ளைகளின் உடம்பு இந்த இரண்டையும்தான் தேடி அலைகிறது. எட்டு வயதுக்காரன் எடையைக் கொக்கி தாங்குமா என்று முதலில் நீங்கள் தொங்கிப் பாருங்கள். பிறகு பாப்பாவை ஆட்டச் சொல்லுங்கள். "ஒண்ணு... ரெண்டு..." என்று சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். "மூணு" அவன் பங்கு. சொல்லலாம், பார்க்கலாம், காலை உதைக்கலாம், எதுவானாலும் மூணுதான். மனசுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்குத்தான் இந்தப் பத்து கஷ்டம். குழந்தைகள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். பிறகு அவளுக்கும் தூளியில் முறை வேண்டும். எப்போதும் தள்ளிவிடுகிறவளாகவே இருந்தால் ஒரு வாரத்தில் அலுத்துவிடும்.

முருங்கைக்கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவு உருட்டுவது, இவையும் கணக்கில் சேரும். இரண்டு தட்டு, நடுவில் ஒரு முறம். தாயம், பரமபதம் போல ஜெயிப்பதும் தோற்பதும் உள்ளவற்றைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவுக்கு என்ன கற்றுக்கொடுக்கலாம் என்று கேட்டால், மூன்றே விஷயம். முன்னால் போய் அவன் உயரத்துக்குக் குனிந்து பேசு. சின்னதாகப் பேசு: "வை", "என் முறை", "போலாம்". சொல்லிவிட்டுக் காத்திரு. இதையும் பாடமாக நடத்தாமல் நீங்கள் செய்து காட்டுங்கள். இன்னொரு நல்ல வழி, அவளும் அப்பாவும் அந்த ஆட்டத்தை ஆடுவதை ஒன்றிரண்டு நிமிடம் மொபைலில் எடுத்து அவனுக்குப் போட்டுக் காட்டுவது. நேரில் சொன்னால் கேட்காத பிள்ளை அதையே வீடியோவில் இருபது முறை பார்ப்பான். உடன்பிறந்தவரோடு விளையாடும்போது பேசுவதற்கு இந்த முறை உதவியதை பிரிட்ஜெட் டெய்லர் என்ற ஆய்வாளரும் உடன் வேலை செய்தவர்களும் 1999இல் எழுதியிருக்கிறார்கள். ரீல்ஸுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

ஏன் அவளே எல்லாவற்றையும் அனுசரிக்க வேண்டும் என்று உங்கள் மாமியாரோ அம்மாவோ கேட்கலாம். நியாயமான கேள்வி. டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரே ஆட்டிசம் உள்ளவர், 2012இல் ஒன்று எழுதினார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரியவில்லை என்பது பாதிக் கதைதான், மற்றவருக்கும் அவரைப் புரிவதில்லை, இடைவெளி இரண்டு பக்கமும் இருக்கிறது என்று. ஆக அனுசரிப்பும் இரண்டு பக்கமும் வர வேண்டும். பாப்பா அவன் ஆட்டத்துக்குள் போகிற மாதிரி, அவள் பொருளைத் தொடக்கூடாது என்பதை அவனும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆட்டிசம் என்பதற்காக அதில் விலக்கு கிடையாது. கற்றுக்கொடுக்கிற விதம்தான் வேறு. படம் ஒட்டிக் காட்ட வேண்டும், நூறு முறை சொல்ல வேண்டும்.

அவளுக்குத் தாழ்ப்பாள் போட்ட ஓர் அலமாரித் தட்டு கொடுங்கள். பொம்மை வீடு, கலர் பென்சில், பாதியில் விட்ட படம் எல்லாம் அதில் இருக்கட்டும். இரண்டு பேருக்கும் "போதும்" என்று ஓர் அட்டை. கையை விரித்துக் காட்டுகிற படம் போதும். யார் அதை எடுத்தாலும் ஆட்டம் அப்போதே முடிந்தது, ஏன் என்று கேட்கக்கூடாது. அவளுக்கு அன்றைக்கு அண்ணனோடு விளையாட மனமில்லை என்றால் அதுவும் சரி. எந்த வீட்டில் தங்கச்சி தினமும் அண்ணனோடு விளையாடுகிறாள்? ஒரு நாளைக்குப் பத்து நிமிடமாவது அவள் மட்டும் உங்கள் மடியில் இருக்கிற நேரம் வேண்டும். அந்த நேரத்தில் அண்ணன் பேச்சே எடுக்காதீர்கள்.

ஆட்டிசத்தை அவளுக்கு எப்படிச் சொல்வது? ஐந்து வயதுக்கு இது போதும்: "மிக்ஸி சத்தம் உனக்குக் கேக்கறதவிட அண்ணனுக்குப் பெருசா கேக்கும். வாயில வார்த்தை வர நேரமாகும். அது உனக்கு ஒட்டிக்காது. நீ செஞ்ச எதனாலயும் வரல." கடைசி இரண்டு வரியை விட்டுவிடாதீர்கள். இந்த வயதுப் பிள்ளைகள் அந்த இரண்டு பயத்தையும் வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்வார்கள்.

கடித்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் அவளைப் பாருங்கள், காயத்தைக் கழுவுங்கள். அவனை அமைதியான இடத்துக்கு நகர்த்துங்கள், உபதேசம் வேண்டாம், அந்த நேரத்தில் எதுவும் காதில் ஏறாது. மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கையைப் பிடித்துக் கும்பிட வைப்பதெல்லாம் நமக்காகச் செய்கிற நாடகம். பிறகு ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணி, அதற்கு முன் என்ன நடந்தது, பசியா, குக்கர் விசிலா, பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்தானா. இரண்டு வாரம் எழுதினால் பெரும்பாலும் ஒரு நேரம் பிடிபடும். அந்த நேரத்தில் இருவரையும் ஒரே பாயில் உட்கார வைக்கக்கூடாது, அவ்வளவுதான். பேச்சுக்குப் பதில் படம் காட்டுவது, டேப்லட் திரையைத் தட்டுவது என்று வேறு வழி தேட வேண்டும் என்றால், மாவட்ட அரசு மருத்துவமனையோடு இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேளுங்கள், அரசுத் திட்டம் என்பதால் கட்டணம் இல்லை. பாண்டி பக்கம் வர முடிந்தால் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. படப் பலகை வந்தால் பாப்பாவும் அதைத் தட்டித்தான் அவனோடு பேச வேண்டும்; அவன் மட்டும் தட்டினால் அது அவனுக்குத் தண்டனை மாதிரி ஆகிவிடும்.

மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு சில்வர் பீச்சுக்குப் போகாமல் இருக்க மாட்டீர்கள். போங்கள், ஈர மணலில் காலைப் புதைப்பதும் அலைக்குப் பின்வாங்கி ஓடுவதும் இவர்கள் இருவருக்கும் ஒரே அளவு பிடிக்கிற ஆட்டம். கூட்டம் வருவதற்கு முன் காலையில் போங்கள். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் பக்கமே வேண்டாம், மேளத்திலும் நெரிசலிலும் அவன் சுருண்டுவிடுவான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீரைக் கண்டால் இழுக்கும், பயம் தெரியாது. இவர்களிடையே நீரில் மூழ்கிச் சாவது அதிகம் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். எனவே கரையில் அவன் கையைப் பிடிக்கிற பொறுப்பு ஒரு பெரியவருடையது, அவர் மொபைலை எடுக்கக்கூடாது. "பாப்பா, அண்ணனப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு சுண்டல் வாங்கப் போகவே கூடாது.

என் தம்பிக்கு இப்போது முப்பத்தெட்டு. பல்லாங்குழிக்கு விதிகள் அவனுக்கு இன்று வரை தெரியாது. பதினாலு குழியிலும் ஐந்து ஐந்தாகப் புளியங்கொட்டை நிரப்புவான், நான் என் பக்கத்து ஏழு குழியையும் காலி செய்து அவன் கையில் கொட்டுவேன், அவன் மறுபடி நிரப்புவான். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து ஊரே இருட்டில் கிடந்தபோது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாங்கள் நாள் கணக்கில் இதைத்தான் ஆடினோம். கிணற்றடியில் ஒளித்த கொட்டையைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்று எனக்குத் தெரியாது. என் பக்கத்துக் குழிகளை மட்டும் எப்போதும் முதலில் நிரப்புகிறான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பாப்பாவுக்கு மூன்று பஸ் வாங்குங்கள். அவன் வைத்திருக்கும் அதே அளவு, முடிந்தால் அதே நிறம். பெரிதாகப் பளபளப்பாக வாங்கினால் அவனுக்கு அதன் மேல் கண் போகும். யாருடையது என்று தெரிய, அவள் பஸ்களின் கூரையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுங்கள். எந்த நிறப் பொட்டு என்பதை அவளே முடிவு செய்யட்டும்.